நிகழ்ச்சிப் பட்டியலில் வெற்றிடம் ஏன்?

இரவு எட்டு மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று அறிய நம் பாட்டிமார் செய்தித்தாளைப் புரட்டினர். இன்றோ ரிமோட்டில் ‘கைடு’ என்னும் பொத்தானை அழுத்தினால் திரையிலேயே பட்டியல் விரிகிறது. ஆனால் பல வீடுகளில் அப்பட்டியல் பாதி நிரம்பியும் பாதி வெறுமையாயும் நிற்கக் காண்கிறோம். உடனே பெட்டி பழுது என்று முடிவுகட்டி, புதுப் பெட்டிக்குப் பணம் தேடத் தொடங்கிவிடுகிறோம். மாதக் கடைசியில் அது எளிய காரியமா? அதற்குமுன், பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே அது நம்மை வந்தடைகிறது. பல சேனல்களை ஒரு மூட்டையாகக் கட்டி ஓர் அலைவரிசையில் அனுப்புகிறார்கள். இப்படி மூட்டைகள் பல. படம், ஒலி ஆகியவற்றோடு நிகழ்ச்சி விவரங்களும் சிறு துண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். பூக்காரி உதிரிப்பூவைத் தொடுப்பதுபோல், பெட்டி அத்துண்டுகளைச் சேர்த்துப் பட்டியலாக்குகிறது.

சூட்சுமம் இங்குதான் உள்ளது. டிவிபி என்னும் விதிமுறைப்படி, ஒரு மூட்டை தன் சேனல்களுக்கு ‘இப்போது நடப்பது, அடுத்து வருவது’ என்னும் இரண்டைச் சொன்னால் போதும். வரும் நாட்களின் பட்டியலை 64 நாட்கள் வரை அனுப்ப இடமுண்டு. ஆனால் அது அனுப்புவோரின் விருப்பம். பிற மூட்டைகளின் விவரத்தைச் சொல்வதும் அப்படியே. ஆகவே ஒரு சேனலுக்கு இரண்டே வரி தெரிந்தால், பெரும்பாலும் வந்ததே அவ்வளவுதான். ஒன்றுமே தெரியாவிட்டால் அந்தச் சேனலுக்கே மாற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதன் மூட்டையைத் திறந்தபின்புதான் பல பெட்டிகளுக்கு விவரம் கிட்டும்.

இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது நல்ல வழக்கந்தான். மின்கட்டணம் யார் கட்டுவது? ஆனால் அப்படி அணைத்தால் பல பெட்டிகள் சேர்த்ததையெல்லாம் மறந்துவிடும். காலையில் பட்டியல் வெறுமையாய் இருப்பது அதனாலேயே.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். அலையில் வருவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதல். அமைப்பில் இது தவறினால் இரவு 8 மணி நிகழ்ச்சி பிற்பகல் 2.30 என்று காட்டும். மாலைப் பட்டியலே காணோம் என்று நாம் மயங்குவோம்.

ஃப்ரீ டிஷ்ஷில் சேனல்கள் ஏலத்தின் மூலம் இடம் பெறுவதால் அவ்வப்போது மாறும். பழைய எண்ணில் வெற்றிடம் நின்றால் மறுபடி ‘ஸ்கேன்’ செய்தால் சரியாகும்.

எல்லாச் சேனல்களிலும் பட்டியல் மறைந்து, படமும் சதுரம் சதுரமாய் உடைந்தால் மட்டும் ஆள் அழைக்கலாம். வருபவரிடம் முதலில் சிக்னல் அளவைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புதுப் பெட்டியின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.