வான் சாகசமும் வரம்பும்

தஞ்சாவூர் மக்களுக்கு ‘விமானம்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒன்று, இராசராசன் 1010-ஆம் ஆண்டில் எழுப்பி முடித்த பெரிய கோயிலின் விமானம். மற்றொன்று, நகரை அடுத்துள்ள விமானப்படைத் தளத்தினின்று எழும் சுகோய் போர் விமானம். 2020-ஆம் ஆண்டு முதல் அங்கே சுகோய் அணி ஒன்று நிலைகொண்டிருக்கிறது. வயலில் நாற்று நடுவோரும் அதன் ஓசை கேட்டு அண்ணாந்து பார்க்கின்றனர். அந்த வியப்பே வான் சாகசக் காட்சிகளுக்கு அடிப்படை. அவற்றுள் நம் கடற்படையினர் நிகழ்த்தியவற்றை முன்வைத்து இங்கே சில கூற விரும்புகிறேன்.

கடற்படைக்கு விமானம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். 1961-ஆம் ஆண்டில் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் நாட்டுக்கு வாய்த்தது. அதன் போர் விமானங்களுக்காக அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கோவையை அடுத்த சூலூரில் ‘ஹன்சா’ என்னும் கடற்படை விமானத் தளம் தொடங்கப்பெற்றது. 1964-இல் அது கோவாவிலுள்ள டபோலிமுக்குப் பெயர்ந்தது. கப்பலில் இறங்கும் விமானிக்கு ஓடுபாதை மிகக் குறுகியது; அலைமேல் அசைவதும்கூட. ஆகவே இமைப்பொழுதும் பிசகாத பயிற்சி அவனுக்கு இன்றியமையாதது.

அத்தகைய பயிற்சியின் விளைவே டபோலிம் தளத்தைச் சேர்ந்த ‘சாகர் பவன்’ குழு. 2003-இல் அமைந்த அக்குழுவில் நான்கு கிரண் விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பறந்தன. இஃது எவ்வாறு இயலும்? உழவர் அறிந்த வழிதான். முன்னத்தி ஏர் செல்லும் சாலைப் பார்த்தே பின்னத்தி ஏர்கள் செல்கின்றன அல்லவா? அவ்வாறே ஏனைய விமானிகள் தலைவனின் விமானத்தையே நோக்கிப் பறப்பர். தலைவன் கணக்குப் பிசகினால் அனைவருக்கும் இடர் நேரும்.

2010 மார்ச் 3-ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த காட்சியில் அக்குழுவின் விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த விமானிகள் இருவரும் மாண்டனர்.

இதனினும் பெரிய துயரம் 1952-இல் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் நிகழ்ந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பிய விமானம் ஒன்று வானிலேயே சிதறியது. அதிலிருந்த இருவரோடு பார்வையாளர் 29 பேரும் இறந்தனர். கதிர் காக்கும் கவணைச் சுழற்றி விட்டால், கல் வட்டத்தை விட்டு நேர்கோட்டில் பாயும். திரும்பும் விமானம் உடைந்தாலும் அதன் துண்டுகள் அவ்வாறே பாயும். ஆகவே அதன்பின் அங்கே விதிகள் கடுமையாயின. நேராகப் பறக்கும் விமானம் கூட்டத்தினின்று 230 கஜமும், திரும்பும் விமானம் 450 கஜமும் விலகியிருத்தல் வேண்டும்; 500 அடிக்குக் கீழே இறங்கவும் கூடாது. இவ்வாறே பிற நாடுகளிலும் காட்சிக்கு வரம்பு வகுக்கலாயினர்.

வானத்துக்கு வரம்பு கட்டிவிட்டோம், தரைக்குக் கட்டினோமா? 2024 அக்டோபர் 6-ஆம் நாள் விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாக் காட்சி சென்னை மெரினாவில் நடைபெற்றது. 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் பழுதின்றிப் பறந்து மீண்டன. ஆனால் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் திரண்ட கடற்கரையிலே, கடும் வெயிலில், பார்வையாளர் ஐவர் உயிரிழந்தனர். விண்ணில் விமானத்துக்கு விமானம் இடைவெளி அளந்து வைத்தவர்கள் மண்ணில் மனிதருக்கு நிழலும் நீரும் வழியும் அளந்து வைத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது, பயிரும் விளையாது. வரப்பு எடுத்த இடம் வீண் என்று எந்த உழவரும் கருதுவதில்லை. மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை விமானி ஆகலாம். சிலர் இத்தகைய விழாக்களை நடத்தும் பொறுப்பில் அமரலாம். காண வந்த கடைசி மனிதரும் நலமாக வீடு சேர்ந்த பின்னரே காட்சி முடிந்ததாகக் கொள்ளுங்கள்.