உணவும் அழற்சியும் உலர்கண் நோயும்: வண்ணார்பேட்டைச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: உலர்கண் நோய், அழற்சி, வைட்டமின் ஏ, ஒமேகா-3, தாமிரபரணிப் பகுதி

முன்னுரை

திருநெல்வேலி சந்திப்பிற்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணிக் கரையில் அமைந்த வண்ணார்பேட்டை இன்று பெரிய துணிக்கடைகள் நிறைந்த வணிகப் பகுதியாகும். குளிரூட்டப்பட்ட கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கும், தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்களைக் கடந்து வீசும் வறண்ட காற்றில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் கண்ணீர் விரைந்து ஆவியாகிறது. கண் உறுத்தத் தொடங்கியதும் முதலில் கிடைக்கும் அறிவுரை பொன்னாங்கண்ணிக் கீரை உண்ணுமாறு கூறுவதே. அவ்வறிவுரை எவ்வகைக் கண் வறட்சிக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு பெயர், இரு நோய்கள்

‘கண் வறட்சி’ என்னும் தமிழ்ச்சொல் வேறுபட்ட இரு நோய்களைக் குறித்து வழங்குகிறது. முதலாவது, வைட்டமின் ஏ குறைவால் வருவது. இதில் மாலைக்கண் தோன்றும். வெண்படலம் பளபளப்பை இழந்து தடிக்கும். முற்றினால் கருவிழி கரைந்து பார்வை பறிபோகும். இந்நோய்க்கு உணவே மருந்து. இதனைத் தடுக்க இந்திய அரசு 1970இல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வு, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. உணவிலிருந்தே பெறத்தக்க அளவு அது என்பது இங்கு நோக்கத்தக்கது. கீரை பற்றிய அறிவுரைக்கு இத்தகைய வலுவான அடிப்படை உண்டு.

இரண்டாவது, பெரியவர்களிடம் இன்று மிகுதியாகக் காணப்படும் உலர்கண் நோய். இவர்களுள் பெரும்பாலோர்க்கு வைட்டமின் ஏ குறைவதில்லை.

அழற்சியின் சுழற்சி

இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள் சுரக்கும் நெய்ப்பொருள் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது ஆவியாகாமல் காக்கிறது. அப்படலம் சிதைந்தால் கண்ணீரில் நீர் குறைந்து உப்பின் செறிவு கூடும். செறிவு கூடிய கண்ணீர் விழிப்பரப்பின் உயிரணுக்களைத் தாக்க, அவை இன்டர்லூகின்-1, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. இவற்றால் சளிப்பொருள் சுரக்கும் கிண்ண அணுக்கள் அழிகின்றன. கண்ணீர்ப்படலம் மேலும் நிலைகுலைகிறது. விளைவே மீண்டும் காரணமாகும் இச்சுழற்சியால்தான், கடையை விட்டு வெளியே வந்த பின்னரும் எரிச்சல் தொடர்கிறது. சைக்ளோஸ்போரின் போன்ற அழற்சி தணிக்கும் சொட்டு மருந்துகள் தரப்படுவதற்கும் இதுவே காரணம்.

உணவு இச்சுழற்சியைத் தணிக்குமா?

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் உடலில் அழற்சியைத் தூண்டும் பொருள்களின் ஆக்கத்தைக் குறைக்கின்றன. அமெரிக்காவில் 32,470 பெண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், அவற்றை மிகுதியாக உட்கொண்டோரிடம் உலர்கண் குறைவாகக் காணப்பட்டது. ஆயினும் இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. 2018இல் வெளியான ‘டிரீம்’ ஆய்வில் 349 நோயாளர்க்கு நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 மாத்திரைகளும், 186 பேருக்கு ஒலிவ எண்ணெய் மாத்திரைகளும் ஓராண்டு தரப்பட்டன. இரு குழுவினரும் ஓரளவு நலம் பெற்றனர். அவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒலிவ எண்ணெயே நன்மை செய்திருக்கலாம் என்று வாதிடுவோர் உளர். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியளவே ஆன அவ்வெண்ணெய்க்கு அத்தனை ஆற்றல் உண்டெனக் கொள்வது கடினம்.

உவரி, இடிந்தகரை முதலிய கடற்கரைகளை அணித்தே கொண்ட இப்பகுதியில் மத்தி மீன் எளிய உணவு; ஒமேகா-3 அதில் மிகுதி. உடல்நலம் கருதி அதனை உண்பதில் தடையேதுமில்லை. ஆனால் மீனையோ கீரையையோ சொட்டு மருந்துக்கு மாற்றாகக் கொள்வதற்கு மேற்கண்ட சான்றுகள் இடந்தரவில்லை. வெந்நீர் ஒத்தடம், கண் சிமிட்டும் பழக்கம், குளிர்காற்று நேரே முகத்தில் படாமல் நிற்றல் ஆகியவை கண்ணீர் ஆவியாவதை நேரடியாகக் குறைக்க முயல்வன.

கீரை அறிவுரையால் நேரக்கூடிய தீங்கு காலத்தாழ்ச்சியே. கண் வறட்சியுடன் வாய் வறட்சியும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் அது ஷோக்ரன் நோயாக இருக்கக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே தாக்கும் இந்நோய் பெண்களிடம் மிகுதி. இதற்குக் கண் மருத்துவரின் ஆய்வோடு இரத்தப் பரிசோதனையும் முடக்குவாத மருத்துவரின் கண்காணிப்பும் தேவை.