திறொட்டில் முறைகள்

வானொலி அலையால் இயங்கும் மாதிரி மின்விமானத்துக்கும் ஹெலிகொப்டருக்கும் ஒரேவகை வேகக் கட்டுப்படுத்தியைப் பொருத்தல் கூடும். ஆயின் அதில் அமைக்கவேண்டிய திறொட்டில் முறை ஒன்றன்று.

விமானத்தில் திறொட்டிற் கோலை உயர்த்த உந்துவிசிறியின் வேகம் உயரும், தாழ்த்தத் தாழும். கோலின் நிலைக்கேற்ப ஏறக்குறைய 1 மில்லிசெக்கன் முதல் 2 மில்லிசெக்கன் வரை நீளும் மின்துடிப்பே கட்டளையாகும். இவ்விரு எல்லைகளையும் கட்டுப்படுத்திக்கு முதலில் உணர்த்தல் வேண்டும்.

அலகுகளின் சாய்வுக்கோணத்தை மாற்றவல்ல ஹெலிகொப்டரின் இயல்பு வேறு. அது கோணத்தாலேயே ஏறி இறங்கும். சுழலியின் வேகமோ மாறாதிருத்தல் வேண்டும். கோணம் மிகும்போது சுமை மிகுந்து வேகம் தளர முற்படும். அதனையறிந்து மோட்டருக்கு வலுவைக் கூட்டுவதே வேகநிலைநிறுத்து முறை. இம்முறையில் திறொட்டிலை 70 அல்லது 80 சதவீதம் போன்ற ஒரே அளவில் நிறுத்துவர். 100 சதவீதத்தில் நிறுத்தினால், மேலும் கூட்டுதற்கு வலு எஞ்சாது. மோட்டர் மெல்லத் தொடங்குமாறும் அமைத்தல் வேண்டும். இன்றேற் பற்சில்லுகள் சிதையும்.

மின்துண்டிப்பு முறையும் கவனித்தற்குரியது. லிதியம் பொலிமர்க் கலமொன்று நிறைவில் 4.2 வோல்ற்று உடையது. 3 வோல்ற்றுக்குக் கீழிறங்கிற் கெடும். ஆதலாற் கட்டுப்படுத்தி முன்னரே வலுவைத் தடுக்கும். மோட்டர் நின்ற விமானம் சறுக்கியேனும் தரைசேரும். ஹெலிகொப்டரை ஓட்டுபவனுக்கோ, கோணத்தை உடனே குறைத்துச் சுழலியின் வேகத்தைக் காத்தற்குச் சில கணங்களே உண்டு. எனவே அதற்குப் படிப்படியாக வலுக்குறைக்கும் முறையே தக்கது.

இவற்றை அமைக்குமுன் விசிறியையும் அலகுகளையும் கழற்றிவிடுக. எதிர்பாராது சுழலும் அலகு விரலைத் துண்டிக்கவும் வல்லது.