மேகம் தரையில்தான் இருக்கிறது

“கிளவுடில் சேமித்த படம் எங்கே இருக்கும்?” என்று ஒரு மாணவர் கேட்டால், ‘இணையத்தில்’ என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். சரியான விடை இன்னும் எளியது: அது தரையில், ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பெயர் தரவு மையம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆள் உயர இரும்பு அடுக்குகளில் திரையோ விசைப்பலகையோ இல்லாத கணினிகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். இவையே சர்வர்கள். இரவு பகலாக இயங்குவதால் சூடாகும் இவற்றை இடைவிடாமல் குளிர்விக்க வேண்டும். மின்சாரம் நின்றால் உடனே பேட்டரி கைகொடுக்கும்; அதற்குள் டீசல் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கும். வெளியுலகோடு இணைப்பவை ஒளியிழைக் கேபிள்கள். கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரமான சென்னையில், அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் இத்தகைய மையங்கள் உள்ளன.

சொந்தத்திலிருந்து வாடகைக்கு

முன்பு ஒரு நிறுவனம் இணையதளம் நடத்த வேண்டுமானால் சர்வரை விலைக்கு வாங்க வேண்டும். அல்லது ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். 2006இல் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம் பெற்றுத் தரத் தொடங்கியது. வீட்டில் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக மின் இணைப்பு பெற்று, மீட்டர் காட்டும் அளவுக்குப் பணம் கட்டுவது போன்றது இது.

தேர்வு முடிவு நாளை நினைத்துப் பாருங்கள். ஒரே மணி நேரத்தில் இலட்சக்கணக்கானோர் ஒரே தளத்துக்கு வருவார்கள். மறுவாரம் அங்கே கூட்டம் இருக்காது. அந்த ஒரு நாளுக்காகச் சர்வர்களை வாங்கிக் குவிக்காமல், தேவைப்படும்போது கூட்டி, பிறகு குறைத்துக்கொள்ள மேகக் கணிமை உதவுகிறது.

ஒரு தீ கற்பித்த பாடம்

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில், அரசின் தரவு மையம் ஒன்றில் லித்தியம் அயனி பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நிறுத்தப்பட்டன. அழிந்தவற்றுள் ஒன்று, அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’. அலுவலகக் கணினியில் வைக்காமல் இதிலேயே கோப்புகளை வைக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் இருந்தது. அதில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் நகல் இல்லை.

கிளவுடில் வைப்பதும் நகல் எடுத்து வைப்பதும் ஒன்றல்ல என்பதே இதன் பாடம். பெரிய நிறுவனங்கள் தரவைப் பல இடங்களில் வைப்பது உண்மைதான். ஆனால், நாமே தவறுதலாக அழித்த கோப்பை அது காப்பாற்றாது. கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள்கள் மட்டுமே குப்பைத்தொட்டியில் இருக்கும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கையே கூகுள் நீக்கக்கூடும்.

நாம் செய்ய வேண்டியது

வினாத்தாள், பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், ஆண்டுவிழாப் படங்கள் ஆகியவற்றுக்கு ‘3-2-1’ விதி போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். பள்ளிக் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று என வைத்தால் விதி நிறைவேறிவிடும். பருவ இறுதியில் நகலைத் திறந்து பார்த்துவிடுவதும் அவசியம். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை. மாணவர் விவரங்கள் உள்ள பென்டிரைவைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வையுங்கள். பிறருக்கு இரவல் தர வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஜி-டிரைவில் அழிந்த தரவை 64 ஜிகாபைட் பென்டிரைவ்களில் நகலெடுக்க எத்தனை தேவைப்பட்டிருக்கும்? ஒரு டெராபைட்டை 1,000 ஜிகாபைட் எனக் கொள்ளச் சொல்லுங்கள். விடை 13,407. பிறகு, “அத்தனை பென்டிரைவ்களையும் அதே கட்டடத்தில் வைத்திருந்தால்?” என்று கேளுங்கள். விவாதத்தை மாணவர்களே முடித்துவைப்பார்கள்.