குச்சிக்கு உதவாத கருவேலம்

"எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். காட்டைச் சுற்றிக் கருவேலமும் உடையும். ஆனால் குச்சி மட்டும் கேரளத்திலிருந்து லாரியில் வருகிறதே, ஏன்?" என்று கேட்கிறார் கோவில்பட்டி வாசகர் ஒருவர்.

கருவேலத்தைக் குச்சியாகச் சீவப்போனால் கத்திதான் முதலில் தேயும். குச்சிக்கு வேண்டியது நேராகப் பிளந்து, மெழுகை உறிஞ்சும் லேசான மரம். கருவேலம் கலப்பைக்கும் வண்டிக்கும் பிறந்தது. அது இவ்வளவு கெட்டியாக இருப்பதற்கான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

நம் கரிசல் மண் மழையை வாரிக் குடிக்கும். திருப்பித் தருவதில் மகா கஞ்சம். மணலில் செடி தாராளமாக உறிஞ்சும் அளவு ஈரம் கரிசலில் இருந்தாலும் செடி வாடும். நுண்ணிய களித்துகள்கள் நீரை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன. ஐப்பசியில் உப்பிய மண் பங்குனியில் சுருங்கி, கை நுழையும் அளவு வெடித்து, சல்லிவேர்களையும் அறுத்துவிடுகிறது. இலையில் ஆவியாகும் நீர்தான் அடியிலிருக்கும் நீரை மேலே இழுக்கிறது. மண் விடாப்பிடியாக நிற்க, தண்டின் நுண்குழாய்களுக்குள் நீர் முறுக்கேறிய கயிறாக விறைக்கிறது. பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு காற்றுக்குமிழி நுழைந்தால் போதும், கயிறு அறுந்துவிடும். அந்தக் குழாயில் நீர் ஏறாது.

இந்தக் கயிறிழுப்பை 1894-ல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். குழாய்க்குள் எவ்வளவு நீர் ஓடும் என்ற கணக்கு அதற்கும் முந்தியது. ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசே 1840களில் கொடுத்தது. வரலாறு இவ்வளவு போதும்.

அந்தக் கணக்குதான் அழகு. குழாயின் அகலம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. 16-ல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு பெரிய பஸ் ஏற்றும் கூட்டத்துக்கு 16 மினிபஸ் விட வேண்டிய நிலை. பெரிய பஸ் நடுவழியில் நின்றால் ஊரே ரோட்டில் நிற்கும். மினிபஸ் ஒன்று படுத்தால் மீதி 15 ஓடும். படிக்கட்டில் தொங்கியாவது சந்தைக்குப் போய்விடலாம். ஆனால் 16 வண்டிக்கும் தகரம் வேண்டும், டயர் வேண்டும், டிரைவர் சம்பளம் வேண்டும். வறள்நில மரங்கள் பொதுவாக மினிபஸ் முதலாளிகள். குறுகிய குழாய்கள், அவை இழுவையில் நசுங்காதிருக்கச் சுற்றிலும் தடித்த சுவருள்ள நார்கள். கருவேலக் கட்டையைத் தூக்கும்போது கை உணர்வது இந்தத் தகரத்தின் எடையைத்தான்.

அப்படியானால் வறண்ட மண்ணில் வளர்வதெல்லாம் கட்டிமரம்தானா? இல்லை. பெருமரம் என்கிற பீநாறி நம் வெயிலில்தான் வளர்கிறது; குச்சிக்கும் ஆகிறது. அதன் கட்டை கருவேலத்தில் ஏறக்குறைய பாதி எடைதான். அது பெரிய பஸ் கட்சி. கோடை வந்ததும் இலையை உதிர்த்து, வண்டியை டிப்போவில் நிறுத்திவிடும். மழைக்காலத்தில் மட்டும் ஓட்டம். உடையும் கருவேலமும் பொடி இலைகளோடு சித்திரையிலும் டிரிப் அடிக்கப் பார்க்கின்றன. மண்ணும் பருவமும் ஒன்றுதான். பிழைக்கும் வழி வேறு.

இங்கே மரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். ஆகவே "10 மடங்கு வேகத்தில் காடு" என்று, கன்றுகளை நெருக்கி நடும் மியாவாக்கி முறைக்கு விளம்பரங்கள் வரும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. குழி வெட்டி, எருவிட்டு, சொட்டுநீர் போட்டால் கன்று வேகமாகத்தான் வளரும். அது மரத்தின் சாமர்த்தியமா, குழாய்த் தண்ணீரின் சாமர்த்தியமா? தண்ணீரை நிறுத்திய மூன்றாம் சித்திரையில் எடுத்த படத்தை யாராவது காட்டட்டும், பேசலாம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: குச்சி மரம்தான் வேண்டுமென்றால் வரப்போரம் பெருமரம் வையுங்கள். கோடையில் களை வெட்டிக் களைத்தால், நிழலுக்கு ஒதுங்கக் கருவேலத்தடிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.