திரை வீடும் தங்கவயல் வீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரண்டையும் செய்து பார்த்தவருக்கே அவற்றின் அருமையும் துன்பமும் விளங்கும் என்பது இதன் பொருள். இன்றோ, வீட்டைக் கட்டாமலும் வாங்காமலும் அதைப் பார்த்து மகிழும் வாய்ப்பைத் தொலைக்காட்சி தந்திருக்கிறது. வீடு வாங்குவோரைப் பின்தொடரும் நிகழ்ச்சிகளும், பழைய வீட்டைப் புதுப்பித்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் உலகின் பல நாடுகளில் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அவற்றைப் பார்ப்போரின் கருத்துகளோ ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்குப் பாடமாகவும், மற்றொருவருக்குப் பொழுதுபோக்காகவும், இன்னொருவருக்கு ஐயத்திற்கு உரியதாகவும் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நிகழ்ச்சியில் மட்டும் இல்லை; பார்ப்பவர் வாழ்ந்த வீட்டிலும் இருக்கிறது. கோலார் தங்கவயலின் வீடுகள் இதனைத் தெளிவாகக் காட்டும்.

திரைக்கு வந்த வீடு

வீட்டைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்ற ஒன்று, 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய 'திஸ் ஓல்டு ஹவுஸ்' என்பதாகும். ஒரு பழைய வீட்டைத் தச்சரும் குழாய்ப் பணியாளரும் சிறிது சிறிதாகச் சீர்செய்வதை அது பல வாரங்கள் காட்டியது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டு 'சேஞ்சிங் ரூம்ஸ்' தொடங்கியது. இதில் பங்கேற்போர் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் மாறிச் சென்று, இரண்டே நாள்களில் ஓர் அறையை மாற்றியமைத்தனர்.

1999ஆம் ஆண்டு மேலும் இரண்டு நிகழ்ச்சிகள் வந்தன. பிரிட்டனின் 'கிராண்ட் டிசைன்ஸ்', தமக்கென வீடு கட்டுவோரைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தது. அமெரிக்காவின் 'ஹவுஸ் ஹன்டர்ஸ்', வீடு தேடும் ஒரு குடும்பத்திற்கு மூன்று வீடுகளைக் காட்டி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. 2003ஆம் ஆண்டு வந்த 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்', துன்பத்தில் வாடும் குடும்பத்தை ஒரு வாரம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய வீட்டை ஏழே நாள்களில் புதிதாகக் கட்டித் தந்தது.

தமிழில் ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும் பாட்டை முதன்மைக் கதையாகக் கொண்ட திரைப்படம், பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' ஆகும். 1988ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில், அலுவலகத்தில் பணிபுரியும் சுதா என்னும் பெண், தாத்தாவும் தங்கையும் வாழ ஒரு வீட்டைக் கட்ட முயல்கிறாள். கடன் வாங்குவது முதல் சிமென்ட் திருட்டு வரை பல இடர்களை அவள் சந்திக்கிறாள். முடிவில், அம்மனை அரசுத் துறை ஒன்றால் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்னும் செய்தி இடியென வந்து விழுகிறது. திறப்பு விழாவில் முடியாத வீட்டுக் கதை அது. இன்று, இணையத்தில் 'ஹோம் டூர்' என்னும் பெயரில் புதிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் காணொளிகள் தமிழில் மிகுதியாக வருகின்றன.

பார்ப்போர் கருத்துகள்

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிய கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பயன் கருதுவோர் கருத்து. சுவரில் ஏன் ஈரம் ஏறுகிறது, ஓடு ஏன் ஒழுகுகிறது, சிறிய அறையில் வெளிச்சம் வரச் செய்வது எப்படி என்பவற்றை இந்நிகழ்ச்சிகள் கற்பிக்கின்றன என்பர் இவர்கள். கொத்தனாரிடமும் மேஸ்திரியிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வதே பெரும் நன்மை என்பது இவர்களின் வாதம்.

இரண்டாவது, மகிழ்ச்சி கருதுவோர் கருத்து. மூன்று வீடுகளுள் எதை அக்குடும்பம் தேர்ந்தெடுக்கும் என்று ஊகிப்பதும், "இந்த நிறம் பொருந்தவில்லை" என்று வீட்டார் அனைவரும் தீர்ப்புக் கூறுவதும் இவர்களுக்கு இன்பம் தருகின்றன. பழையது புதியதாவதைக் காண்பதில் ஒரு நிறைவும் உண்டு.

மூன்றாவது, ஐயுறுவோர் கருத்து. திரையில் காண்பது முழு உண்மையா என்பது இவர்களின் வினா. இவ்வினாவுக்கு அடிப்படை உண்டு. 'ஹவுஸ் ஹன்டர்ஸ்' நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர், படப்பிடிப்புக்கு முன்பே தம் குடும்பம் வீட்டைத் தேர்ந்து முடித்துவிட்டதாகவும், உடன் காட்டப்பட்ட வீடுகள் விற்பனைக்கு உரியவையே அல்ல என்றும் 2012ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். வீடு வாங்குவதற்கு நெடுங்காலம் ஆவதால், அம்முயற்சியில் வெகுதூரம் சென்றுவிட்டவர்களையே தேர்ந்தெடுப்பதாக ஒளிபரப்பு நிறுவனம் விளக்கம் அளித்தது. ஏழு நாளில் கட்டித் தரப்பட்ட பெரிய வீடுகளிலும் சிக்கல் எழுந்தது. வீட்டின் மதிப்பு உயர்ந்ததால் வரியும், அளவு பெருகியதால் மின் கட்டணமும் உயர்ந்தன. அச்சுமையைத் தாங்க இயலாமல் சில குடும்பங்கள் வீட்டை விற்க நேர்ந்ததைச் செய்தி இதழ்கள் எடுத்துரைத்தன.

உண்மை வெளிப்பட்ட பின்னரும் பலர் அந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்தனர். விளையாட்டை விளையாட்டாகவே பார்க்கிறோம் என்பது அவர்களின் நிலை. இதுவும் தவறாகாது. ஆனால், வீடு என்பது விளையாட்டாக அமையாத இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல்.

தங்கவயலின் லைன் வீடுகள்

கர்நாடக மாநிலத்தில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் தங்கவயல் உள்ளது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாக வந்து சுரங்கத்தில் இறங்கினர். சாம்பியன் ரீஃப், ஊரிகம், மாரிக்குப்பம், கோரமண்டல் முதலிய பகுதிகள் உருவாயின. சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைத் தொட்டது.

சுரங்க அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள் கட்டப்பட்டன. தொழிலாளர்க்கோ, தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் அடைத்த குடிசைகள். பின்னர், வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். இவ்வரிசைகளே 'லைன்' எனப்பட்டன. ஒரு வீட்டின் பக்கச் சுவர் அடுத்த வீட்டிற்கும் சுவராகும். தண்ணீர்க் குழாய் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. ஆனால், அது சுரங்க இயந்திரங்களை இயக்குவதற்காகவே வந்தது.

இவ்வீடுகளுக்கு வேறோர் இடரும் இருந்தது. பேராழத்தில் பாறையின்மேல் அழுத்தம் பெருகும்போது, பாறை திடீரென உடைந்து சிதறும். இதனைப் பாறைவெடிப்பு என்பர். பெரிய பாறைவெடிப்பின் அதிர்ச்சி தரைமட்டம் வரை எட்டி, கட்டடங்களில் விரிசலை உண்டாக்கியது. கீழே வேலையில் இருப்பவர் என்ன ஆனாரோ என்னும் அச்சத்தோடுதான் மேலே இருப்பவர் அவ்விரிசலைப் பார்த்தனர். வீட்டைச் செப்பனிடுதல் என்பது அங்கு அழகு பற்றியதன்று. பாதுகாப்பாக வாழ்தல் பற்றியது.

1956ஆம் ஆண்டு சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 1972ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அவற்றை நடத்தியது. தங்கம் குறைந்து, செலவு மிகுந்தமையால், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, வீடு மட்டும் நின்றது. அவ்வீடும் நிறுவனத்தின் சொத்து. வாழ்ந்த குடும்பங்கள் பல அங்கேயே தங்கின. அக்குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று உழைத்து, இரவில் திரும்பலாயினர். குடியிருக்கும் வீட்டைத் தம் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நீண்டகாலக் கோரிக்கையாயிற்று.

ஆயா கேட்ட கேள்வி

மாரிக்குப்பத்து லைன் வீடு ஒன்றில், ஓர் ஆயாவும் பேரனும் வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சியைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

"பார்த்தாயா ஆயா? ஏழே நாளில் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள்!" என்கிறான் பேரன்.

"பார்த்தேன் கண்ணு. அந்த வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அதைக் காட்டவே இல்லையே" என்கிறார் ஆயா.

பேரன் வண்ணத்தைப் பார்த்தான். ஆயா உரிமையைப் பார்த்தார். ஆயாவின் கேள்வியில் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது. வீட்டின்மேல் வங்கிக் கடன் பெற வேண்டுமாயின், விற்பனைப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா கேட்பர். கர்நாடகத்தில் சொத்து வரிக்காக நகராட்சி வைத்திருக்கும் 'காத்தா' என்னும் பதிவைக் கேட்பர். இவை இல்லாத குடும்பம் வீட்டுக் கடன் பெற இயலாது. ஆகவே, கையிருப்பைக் கொண்டு ஓராண்டு தரையைப் பூசும். மற்றோராண்டு கூரைத் தகரத்தை மாற்றும். மகளின் திருமணத்திற்கு முன் முன்பக்கத்தில் ஓர் அறையைச் சேர்க்கும். திரையில் ஏழு நாளில் முடிவது இங்கு இருபது ஆண்டுகளில் நிகழ்கிறது. அவ்வாறு செலவிட்ட பின்னும், "இது எங்கள் வீடு" என்று தாளில் காட்ட முடியாத நிலை தொடரக்கூடும்.

வேறொரு வேறுபாடும் உண்டு. திரை நிகழ்ச்சிகளில் சுத்தியலால் சுவரை உடைப்பதே பலமுறை முதற்காட்சியாக அமைகிறது. லைன் வீட்டில் அவ்வாறு உடைக்க இயலாது. சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம் உறங்குகிறது. அங்கு ஒரு வீட்டைத் திருத்துவதற்கும் பக்கத்து வீட்டாரின் இசைவு வேண்டும். வீடு தனி ஒருவருடையது என்னும் எண்ணத்தின்மேல் எழுந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போது, சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தவர்க்குச் சில காட்சிகள் வியப்பையும் சில காட்சிகள் நகைப்பையும் தருவது இயல்பே.

எவ்வாறு பார்ப்பது?

இதனால், வீட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கக் கூடாது என்பது பொருளன்று. அவற்றில் கற்பதற்கும் மகிழ்வதற்கும் இடம் உண்டு. எனினும், நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நன்று. நிலம் யாருடையது? பணம் எங்கிருந்து வந்தது? உழைத்தவர் யார், அவருடைய முகம் காட்டப்பட்டதா? திறப்பு விழாவிற்குப் பின் அவ்வீட்டில் வாழ்வதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இக்கேள்விகள் அயலானவை அல்ல. அரசுக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ வளரும் பிள்ளை, சுவரில் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருப்பதை அறியும். தங்கவயலுக்குப் புலம்பெயர்ந்த தமிழரும் அவ்வாறே பிறர் கட்டிய வீட்டிற்குள் நுழைந்தனர். நான்கு தலைமுறை விளக்கேற்றி, பிள்ளை பெற்று, விரிசலை அடைத்து அதைத் தம் வீடாக்கினர். அவ்வுழைப்பை எந்த நிகழ்ச்சியும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிட முடியாது. அதைக் காண, வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்க வேண்டும்.

சொற்பொருள்
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சரிசெய்தல்
கையகப்படுத்துதல் – அரசு நிலத்தைச் சட்டப்படி எடுத்துக்கொள்ளுதல்
வில்லங்கச் சான்று – சொத்தின்மேல் பதிவான கடன் உள்ளதா எனக் காட்டும் ஆவணம்
இசைவு – சம்மதம்

வினாக்கள்
1. வீட்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போரின் மூவகைக் கருத்துகள் யாவை?
2. தங்கவயலில் பாறைவெடிப்பு வீடுகளை எவ்வாறு பாதித்தது?
3. ஆயா கேட்ட கேள்வியின் பொருளை விளக்குக.
4. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் வாழ்ந்த முதல் வீட்டைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.