உங்களுக்குத் தெரியுமா? ‘பெங்களூர் டேஸ்’ ஜோடி
வேலைக்காகப் பெங்களூரு வந்து பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்கு நெருக்கமான கதை, அஞ்சலி மேனன் இயக்கிய மலையாளப் படம் ‘பெங்களூர் டேஸ்’ (2014). அதில் ஃபகத் ஃபாசிலும் நஸ்ரியாவும் புதுமணத் தம்பதி. கணவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறான். உள்ளே, இறந்துபோன காதலியின் நினைவுகள். மனைவி அந்த அறைக்குள் நுழைந்த பிறகுதான் இருவருக்கும் இடையே மெல்லக் காதல் துளிர்க்கிறது. எத்தனை கலகலப்பு இருந்தாலும் படத்தின் உயிர் இந்த இழைதான்.

நிஜத்தில் அவ்வளவு தாமதமில்லை. மே மாதம் படம் வந்தது. ஆகஸ்ட் 21 அன்று இருவருக்கும் திருவனந்தபுரத்தில் கல்யாணம்! 2016-இல் தமிழில் ‘பெங்களூர் நாட்கள்’ ஆனபோது அந்த ஜோடியாக ராணாவும் ஸ்ரீதிவ்யாவும் நடித்தார்கள்.